அங்க காலிதானே?

"வருக, சில எளிய படிகளில் உங்கள் வேலை முடிந்துவிடும்" என்று இங்கிலீஷில் சொல்கிறது திரை, காலையிலிருந்து இது நாலாவது தடவை, ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்போடு, என்னை இதுவரை பார்த்ததே இல்லை என்பது போல. எளிய படிகளாம். மொத்தம் ஒன்பது திரை, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திக்கொண்டே போனால் ஆறாவது திரையில் சிவப்பாக ஒரு வரி, சரி எங்கே தப்பு என்று பார்க்க பேக்கை அழுத்தினால் அதுவரை அடித்த முகவரி, பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டு மறுபடி வாசலில் கொண்டுவந்து நிறுத்தி வருக என்கிறது. இதற்கு விசார்ட் என்று பேர், மந்திரவாதி, மந்திரவாதிதான், என் ஞாயிற்றுக்கிழமையை மறைய வைத்துவிட்டான். சர்ச்சில் பூசை முடிந்து நேரே இங்கே வந்தேன், பத்தரை மணி, ஒரு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மகளிடம் சொல்லியிருந்தேன், பாறை மீன் வாங்கி வைத்திருக்கிறது, நானே குழம்பு வைக்கிறேன் என்றாள், வைத்து ஆறியும் போயிருக்கும், இப்போது மணி ஒன்று இருபது. பக்கத்து அறையில் ரத்தப் பைகள் இருக்கும் குளிர்பெட்டிகள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கின்றன, பதினோரு வருஷமாகக் கேட்கும் சத்தம், வழக்கமாகக் காதில் விழாது, இன்றைக்கு என்னவோ பல்லுக்குள் கேட்கிறது.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், யாரிடம் சொன்னாலும் இவ்வளவுதானா என்பார்கள். தூத்துக்குடியில் இந்த ரத்த வங்கியின் சர்வரில் இருக்கும் டேட்டாபேஸ், யார் ரத்தம் கொடுத்தார்கள், என்ன வகை, எந்தப் பை, பரிசோதனையில் என்ன வந்தது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனது என்கிற அத்தனை விவரமும், பாளையங்கோட்டைக் கிளையில் புதிதாக வாங்கி வைத்திருக்கும் இன்னொரு சர்வருக்கு அப்படியே நகலாக வேண்டும், இனிமேல் இங்கே ஒரு வரி எழுதினால் அந்த நொடியே அங்கேயும் ஒரு வரி விழ வேண்டும். மென்பொருளை விற்க வந்த ஆள், கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு, "மேடம், மூணு கிளிக், காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றான், எங்கள் நிர்வாகி டாக்டர் தனபாண்டியன் அந்த மூன்றை அப்படியே பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். "என்ன லீமா, மூணு கிளிக்தானம்மா, இன்னுமா முடியல?" இல்லை சார், முடியல, ஒரு தடவை வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து நீங்களே மூன்று கிளிக் செய்துவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை, பார்த்துக்கிட்டே இருக்கேன் சார் என்றுதான் சொன்னேன். ஆறாவது திரையின் சிவப்பு வரி என்ன சொல்கிறது தெரியுமா, எதிர்பாராத பிழை, உங்கள் கம்ப்யூட்டர் பொறுப்பாளரைத் தொடர்புகொள்ளுங்கள். நான்தான் பொறுப்பாளர். என்னையே நான் எப்படித் தொடர்புகொள்வது, கண்ணாடியில் போய்க் கேட்க வேண்டுமா.

இன்றைக்கே முடித்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமையிலிருந்து கனமழை என்று டிவியில் சுழல் படம் காட்டுகிறார்கள். போன மழையில் தண்ணீர் இந்த அறைக்குள் கேட்காமல் வந்தது, முதலில் வாசல் மிதியடி மிதந்தது, பிறகு செருப்பு, நான் சர்வரின் வயர்களைப் பிடுங்கி அதைப் பெட்டியோடு தலையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன், நாற்பத்தொரு வயசில், நனைந்த புடவை காலைச் சுற்ற, ஒரு படியில் வழுக்கி முட்டியில் விழுந்தபோதும் தலையிலிருந்த கையை எடுக்கவில்லை. அடுத்த இரண்டு நாள் மின்சாரம் இல்லை. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து ஓ நெகட்டிவ் கேட்டாள், பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றாள், பெட்டியில் பை இருந்தது, ஆனால் எந்தப் பை சோதனை முடிந்த பை என்று சர்வருக்குத்தான் தெரியும், சர்வர் மாடியில் ஒரு பெஞ்சில் செத்துக் கிடந்தது. கடைசியில் டாக்டர் யாரையோ பிடித்து ஜெனரேட்டர் வரவழைக்க நாற்பது நிமிஷம் ஆனது, அதுவரை நர்ஸ் சுவரோரமாக நின்றாள், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, ஈரக் கைகளை ஈரப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் பிழைத்தாளா என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் இன்னொரு நகல் வேண்டும், மேட்டில் இருக்கும் ஊரில் வேண்டும் என்று ஆறு மாதம் கடிதம் மேல் கடிதமாக எழுதி இதை வாங்க வைத்தேன். நானே கேட்டு வாங்கிய வினை. நெக்ஸ்ட்.

மூன்றாவது திரை, சோர்ஸ், எங்கிருந்து எடுக்க வேண்டும். நாலாவது திரை, டார்கெட், எங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும். இரண்டு திரையும் ஒரே மாதிரி, ஒரே நீலம், ஒரே பெட்டி, தலைப்பில் ஒரு சொல்தான் வேறு, அதுவும் எறும்பு எழுத்தில். பெட்டியைத் திறந்தால் இரண்டு சர்வரின் பேரும் இங்கிலீஷ் அகர வரிசையில் நிற்கிறது, பாளையங்கோட்டை முதலில், தூத்துக்குடி இரண்டாவது, அசந்து நெக்ஸ்டை அழுத்தினால் பாளையங்கோட்டைதான் சோர்ஸ், அங்கிருக்கும் வெறுமை இங்கே வந்து பதினோரு வருஷத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் என் விரல் நிற்கிறது. இன்றைக்கு மட்டுமில்லை, எந்த நகல் எடுக்கும்போதும் நிற்கும், செல்போனிலிருந்து படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போதுகூட நிற்கும், மகள் சிரிப்பாள், ஏம்மா இதுக்குப் போயி வேர்க்குது என்பாள். நாகர்கோவிலில் அந்த லேபில் நான் வேலை பார்த்தது பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், அங்கேயும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதுக்கு மாற்றும் வேலை, அங்கேயும் இரண்டு பெட்டி, சுகிர்தா சாப்பிடப் போயிருந்தாள், அவள் நாற்காலி காலியாக இருந்தது, அவள் பேரில் திறந்திருந்த திரையில் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று நான்தான், வேண்டாம், இப்போது வேண்டாம், டார்கெட் பாளையங்கோட்டை, சரி, நெக்ஸ்ட்.

போன் அடிக்கிறது, பாளையங்கோட்டையிலிருந்து இசக்கியப்பன். அந்தக் கிளையில் அவன்தான் எல்லாம், லேப் டெக்னீஷியன், முகாமுக்கு வண்டியில் போகிறவன், வந்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவன், முப்பது வயசு, போன வருஷம்தான் கல்யாணம் ஆனது, நல்ல பையன்தான், ஆனால் இன்றைக்குக் காலையிலிருந்து ஒரே முனகல். "அக்கா, இன்னைக்கே போட்டாகணுமாக்கா? நாளைக்குக் காலையில வெள்ளன வந்து நிதானமாப் போடலாமே." பத்தரை மணிக்கும் இதையே சொன்னான், பன்னிரண்டு மணிக்கும் சொன்னான், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போக வேண்டியிருக்கும். "செவ்வாக்கிழம மழைங்காங்க, நாளைக்கு ஏதாவது கோளாறு ஆச்சுன்னா எப்ப சரிபண்ண? உன் பக்கம் ஃபயர்வால் திறந்தியா இல்லையா, ஆறாவது திரையில மறுபடி சிவப்பு." "திறந்துதான்க்கா இருக்கு." "பாத்துச் சொல்லு." பார்த்தான், வெளியாள் நுழையாமல் தடுக்கும் அந்தக் காவல் கதவு மூடியிருந்தது. திறந்தான். அடுத்து ஏழாவது திரை, இரண்டு சர்வரின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு மஞ்சள் முக்கோணம், பாளையங்கோட்டை ஏழு நிமிஷம் பின்னால் இருக்கிறது, அறுபது கிலோமீட்டருக்குள் ஏழு நிமிஷம் எங்கே போய்த் தொலைந்தது, அவன் அதைத் திருத்துவதற்குள் விசார்ட் காத்திருந்து சலித்து நேரம் முடிந்தது என்று தன்னைத்தானே மூடிக்கொண்டது. வருக, சில எளிய படிகளில். நான் மேஜையை அறைந்தேன், பேனா ஸ்டாண்ட் உருண்டு விழுந்தது. "என்னக்கா சத்தம்?" "ஒண்ணுமில்ல. இசக்கி, கடைசியாக் கேக்கேன், அங்க காலிதானே? அந்த சர்வர்ல ஒண்ணும் இல்லதானே?" "காலிதான்க்கா." புதன்கிழமையே சொல்லியிருக்கிறேன், புது சர்வரில் எவனாவது கை வைத்தால் கையை முறித்துவிடுவேன் என்று, சிரித்துக்கொண்டு சொல்லவில்லை, சுற்றி இருந்தவர்கள் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுத்தான் சொன்னேன்.

ஐந்தாவது தடவை. அது சுகிர்தாவைக் கேட்கிறது, இல்லை, பாஸ்வேர்டைக் கேட்கிறது, எட்டு எழுத்து இருக்க வேண்டும், ஒரு எண், ஒரு குறி, போன தடவை அடித்ததையே அடிக்கக் கூடாது. போன தடவை நீதானே என்னை வெளியே தள்ளினாய், இப்போது எதற்குப் புதுசு கேட்கிறாய். அந்தத் திங்கட்கிழமை காலையில் லேப் முதலாளி எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார், நாலு மாச ரிப்போர்ட் ஒண்ணுகூட இல்ல, சனிக்கிழமை மத்தியானம் அந்த கம்ப்யூட்டர்ல உக்காந்தது யாரு. திரையில் சுகிர்தாவின் பேர் இருந்தது. "நான் இல்ல சார், நான் சாப்பிடப் போயிருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை, அதுதான், நீ பார்த்தியா அங்கே யாராவது இருந்தாங்களா, எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன் என்கிற பார்வை, நான்தான் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெறும் நாலு சொல், நான்தான் சார் அங்க உக்காந்தேன், அதைச் சொல்லவில்லை, அப்போது மகளுக்கு இரண்டு வயசு, அவள் அப்பாவுக்கு வேலை இல்லை, இந்தக் காரணங்களை எல்லாம் நான் பின்னால் அடுக்கினேன், அந்த நிமிஷத்தில் காரணமே இல்லை, பயம்தான். புதன்கிழமை அவள் வேலை போய், டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். யாரும் என்னைக் கேட்கவில்லை. பதிமூன்று வருஷமாக யாரும் கேட்கவில்லை.

ஆறாவது திரை பச்சை. ஏழாவது பச்சை. எட்டாவது திரையில் எந்தெந்த அட்டவணை என்று நூற்று நாற்பது பெட்டி, ஒவ்வொன்றாக டிக், எல்லாவற்றையும் ஒரே அடியாகத் தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான் வைக்க இவர்களுக்கு என்ன கேடு, நூற்று நாற்பதும் அடித்து முடித்தபோது கட்டைவிரல் அடியில் வலித்தது. ஒன்பதாவது திரை வந்துவிட்டது, வந்தேவிட்டது, நம்ப முடியவில்லை. சோர்ஸ் தூத்துக்குடி. டார்கெட் பாளையங்கோட்டை. விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன், எழுந்து நின்று ஒரு தடவை படித்தேன், சரி. கீழே ஃபினிஷ். அழுத்தினேன். அதோடு விட்டால் அது விசார்ட் இல்லையே, இன்னொரு சின்னப் பெட்டி குதித்தது, டார்கெட்டில் ஏற்கெனவே உள்ள தகவல்கள் அனைத்தும் நிரந்தரமாக அழிக்கப்படும், தொடரலாமா, ஆம், இல்லை. "இசக்கி, வந்திருச்சு, ஆம் குடுக்கப் போறேன், முடிஞ்சதும் நீ வீட்டுக்குப் போலாம்" என்றேன். போனில் ஒன்றும் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், இருக்கிறது, அந்தப் பக்கம் மின்விசிறி டக் டக் என்று அடிப்பது கேட்கிறது.

"அக்கா. ஒரு நிமிஷம்."

"என்ன?"

"ஆம் குடுத்துராதிய."

"என்னல சொல்லுத?"

"இங்க காலி இல்லக்கா."

அவன் சொன்னான், தலையும் வாலும் இல்லாமல், நடுவிலிருந்து தொடங்கி. வியாழக்கிழமை பொறியியல் கல்லூரி முகாம், அறுபத்திரண்டு பேர், சாயங்காலம் பைகளோடு வந்தால் ரோட்டில் யாரோ கேபிளை வெட்டிவிட்டார்கள், தூத்துக்குடிக்கு லைன் இல்லை, பரிசோதனை மெஷின் முடிவுகளை எங்கேயாவது எழுதியாக வேண்டும், அது துண்டுச் சீட்டெல்லாம் போடாது, நேரே டேட்டாபேஸில்தான் போடும், அதனால் புது சர்வரைத் திறந்து அதில் போட்டுவிட்டான். லைன் வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தான். வெள்ளிக்கிழமை மாமியாருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி. சனிக்கிழமை மாற்ற உட்கார்ந்தால் இரண்டு சர்வரும் ஒரே வரிசை எண்களைக் கொடுத்திருந்தன, அப்படியே கொண்டுவந்தால் ஒருவர் எண்ணில் இன்னொருவர் போய் உட்கார்ந்துகொள்வார். கையைப் பிசைந்துகொண்டு இருந்துவிட்டான். "சொல்லணும் சொல்லணும்னுதான்க்கா காலையிலேருந்து. நீங்க கேக்கும்போது வாயில வேற வந்திருச்சு."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று வரிசையாக ஞாபகம் இல்லை, அறிவிருக்கா, மூணு தடவ கேட்டேனே, படிச்சவன்தானே நீ, அறுபத்திரண்டு பேர் கை நீட்டிக் குடுத்த ரத்தம் உனக்கு என்ன தண்ணியா, விவரம் போயிருந்தால் அத்தனை பையையும் கழிவில்தானே கொட்ட வேண்டும், ரிசல்ட் இல்லாத ரத்தத்தை எவன் உடம்பில் ஏற்றுவது. வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூச்சு வாங்கியது. அவன் போனை வைக்கவில்லை. திரையில் அந்தச் சின்னப் பெட்டி இன்னும் நிற்கிறது, ஆம், இல்லை, ஆம் என்பது ஏற்கெனவே கறுப்புக் கோடு போட்டு அழுத்தத் தயாராக இருக்கிறது, என்டர் கீயில் ஒரு புத்தகம் விழுந்தால்கூடப் போதும். அப்போதுதான் அது உறைத்தது, மெதுவாக, காதுக்குப் பின்னால் சூடாக. இவன் சும்மா இருந்திருந்தால் போதுமே. நான் ஆம் கொடுத்திருப்பேன், அழிந்திருக்கும், நாளைக்குக் கேட்டால், அக்காதான் விசார்ட் போட்டாங்க, அதுல போயிருச்சு, அவ்வளவுதான், மென்பொருளைத் திட்டியிருப்போம், விற்றவனைத் திட்டியிருப்போம், ஃபினிஷ் அழுத்தியது என் விரல், அதற்கு நானே சாட்சி. தப்பிக்க வழி முழுசாகத் திறந்து கிடந்தது, காற்று வருகிற மாதிரி. நான் கையை முறிப்பேன் என்று சொன்னவள். அப்படியிருந்தும் அக்கா ஒரு நிமிஷம் என்றானே, எங்கிருந்து எடுத்தான் அதை.

"இல்லை" என்பதை அழுத்தினேன். வருக, சில எளிய படிகளில்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் மூன்றாவது தடவை. "லீமா, ஆயிருச்சா?" "இல்ல சார், நிறுத்தியிருக்கேன். வியாழக்கிழமை கேபிள் போனதுல முகாம் விவரம் புது சர்வர்ல ஏறியிருக்கு, அத இங்க கொண்டுவந்துட்டுத்தான் போடணும்." "அத யாரு அங்க ஏத்துனது? காலியா இருக்கணும்னு நீதானம்மா சொன்ன?" ஒரு கணம் அந்தப் பழைய வரிசையில் நின்றேன். "சொன்னேன் சார். லைன் இல்லன்னா எங்க எழுதணும்னு சொல்லல. அது என் தப்பு. இசக்கி சொல்லலன்னா அறுபத்திரண்டு பை போயிருக்கும்." அவர் ஏதோ முணுமுணுத்தார், சரி சரி இன்னைக்குள்ள முடிங்க என்றார், வைத்துவிட்டார்.

இசக்கியை மறுபடி கூப்பிட்டு, ஒவ்வொன்றாகப் படி, நான் இங்கே கையாலேயே ஏற்றுகிறேன் என்றேன். பை எண், பேர், வகை, ஐந்து பரிசோதனை முடிவு. நாலு மணிக்குள் முடிந்தால் அதற்குப் பிறகு விசார்ட். அவன் படிக்கத் தொடங்கினான், முதலில் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தான், பத்தாவது பேருக்கு மேல் வேகம் பிடித்தது. அபிஷா, ஏ பாசிட்டிவ். தாரிக், ஓ பாசிட்டிவ். கல்லூரிப் பிள்ளைகள், சிலர் முதல் தடவை கொடுத்திருப்பார்கள், ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு. முப்பத்திநாலு முடிந்ததும் அவன் தண்ணீர் குடிக்க நிறுத்தினான்.

"திட்டுவீங்கன்னு தெரியும்க்கா. வேலையும் போயிரும்னு நெனச்சேன்."

"அப்பறம் ஏன் சொன்ன?"

"தெரியலக்கா. பொண்டாட்டிட்ட நேத்தே சொல்லிட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. ராத்திரி சாப்பிடும்போது மூஞ்சியப் பாக்கவே முடியல."

நான் சொன்னேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை, அடுத்த பேர் வருவதற்குள் இருந்த இடைவெளியில் வாய் சொல்லிவிட்டது, நாகர்கோவில், மாற்றிப் போட்ட இரண்டு பெட்டி, சுகிர்தாவின் நாற்காலி, வரிசையில் நின்றது, கீபோர்டு. என் புருஷனுக்குத் தெரியாது, சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட, பொய் சொன்னேன் சாமி என்று ஒற்றை வரியாகத்தான் சொல்லியிருக்கிறேன், இவனிடம், என்னிடம் திட்டு வாங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாதவனிடம், ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னேன். பரவாயில்லக்கா என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, ஏனென்றால் அவன் அதைச் சொல்லாதபோது ஏமாற்றமாக இருந்தது.

"அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க?"

"ஒரு தடவ பாத்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு, நாகர்கோவில்லயே ஒரு ஜவுளிக்கடையில பில் போட்டுக்கிட்டிருந்தா. எடுத்த துணிய அங்ஙனேயே வச்சுட்டு வேற வாசல் வழியா வந்துட்டேன்."

அவன் தண்ணீர்ப் பாட்டிலை மூடும் சத்தம் கேட்டது. மின்விசிறி டக் டக் என்றது.

"அந்தக் கடையிலதான் இருப்பாங்கன்னு இல்ல. ஆனா கேட்டா யாராவது சொல்லுவாங்கல்லக்கா."

கண் எரிந்தது, காலையிலிருந்து திரையையே பார்த்த கண். கேட்டால் சொல்வார்கள்தான். கேட்டுப் போய் நின்று என்ன சொல்வது, அந்த நாலு சொல்லை இப்போது யாருக்கு வேண்டும், அவளுக்கு வேண்டியிருக்குமோ, வேண்டாம் என்று முகத்தில் அறைந்தாற்போல் சொல்வாளோ, சொல்லட்டுமே, அதைச் சொல்லவாவது அவளுக்கு ஓர் ஆள் வேண்டும் இல்லையா. வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிடலாம். நாகர்கோவில் பஸ் காலையிலேயே இருக்கும்.

"முப்பத்தஞ்சு சொல்லட்டுமாக்கா?"

"சொல்லு."

"பொன்ரதி. பி நெகட்டிவ்."

"மெதுவா," என்றேன், "எழுத்து எழுத்தாச் சொல்லு."